வலப்பக்கம்

மூன்று நாளாக உங்களிடம் பேசிக்கொண்டுதான் இருந்தோம், ஹானுஸ்.
தொடுமுன் சொல்லி, புரட்டுமுன் சொல்லி,
ஊசிக்கு முன் மன்னிப்புக் கேட்டு.
வென்டிலேட்டர் உங்கள் வலப்பக்கம் நின்றது.
எங்கள் சொற்கள் எல்லாம்
இடப்பக்கமாகவே வந்தன.

ஒவ்வொரு கைக்கும் திடுக்கிட்டீர்கள்.
குழாயைக் கடித்தீர்கள். அலாரம்.
மருந்தைக் கூட்டினோம்.
கைகளைக் கட்டிவிடலாமா என்று யாரோ கேட்டார்கள்.
அந்த யாரோ நான்தான்.

நான்காம் நாள் பின்னிரவு.
தோர்ஸ்ஹவ்ன் துறைமுகத்தில் படகுகள்
கட்டுக்கயிற்றோடு மல்லுக்கு நின்ற காற்று.
கிளாக்ஸ்விக்கிலிருந்து ரெகின் என்றொருவர் போனில்.
சொந்தமில்லை என்றார்,
இருபத்திரண்டு வருஷம் ஒரே எஞ்சின் அறை.

சொந்தமில்லாதவருக்கு நான் எதுவும் சொல்லக் கூடாது.
கேட்கக் கூடாதென்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

வானிலை அறிக்கை கேட்காமல் தூங்கமாட்டாராம்.
பாதம் போர்வைக்கு வெளியே இருக்க வேண்டுமாம்.
காப்பிக்கு மூன்று சர்க்கரை, அது இப்போது எதற்கு,
என்று சிரித்துவிட்டு, போகிற போக்கில்,
"அந்த எஞ்சின் அவன் இடக்காதைத் தின்று
எத்தனையோ வருஷமாச்சு.
நீங்க வலப்பக்கம்தானே நிக்கிறீங்க?"

கொஞ்ச நேரம் என்னிடம் பதில் இல்லை.

நாலு பேர், நாற்பது நிமிடம்.
ஒரு சக்கரம் பிரேக்கை விட மறுத்தது.
டென்மார்க்கிலிருந்து மாற்றுப்பணிக்கு வந்திருந்த டாக்டர் யெப்பே
காலையில் செய்யக் கூடாதா என்று முனகினார்,
முனகிக்கொண்டே குழாயைத் தானே பிடித்துக்கொண்டார்.

பிறகு குனிந்தேன்.
ஹானுஸ், நான் சோல்ருன். மணி மூன்று நாற்பது.
ஆஸ்பத்திரியில் இருக்கிறீர்கள்.
தொண்டையில் இருப்பது மூச்சுக்கான குழாய்,
எடுத்துவிடுவோம், இன்றைக்கு இல்லை.
ரெகின் போன் செய்தார்.
தென்மேற்குக் காற்று. சாயங்காலத்துக்குள் அடங்கும்.

நாடி நூற்றுப் பதினெட்டிலிருந்து
தொண்ணூற்றாறுக்கு இறங்கியது.
மருந்தாகவும் இருக்கலாம் என்றார் யெப்பே.
இருக்கலாம்.
உங்கள் புருவம் மட்டும் லேசாக நெரிந்தது,
இரைச்சலில் ஒரு வார்த்தையைப்
பிடிக்கப் பார்க்கிறவரின் புருவம்.

பாதங்களை வெளியே எடுத்து விட்டேன்.
வலது பெருவிரலில் ஏதோ பழைய நசுக்கல்.
நான்கு நாளில் இப்போதுதான் பார்க்கிறேன்.

காலையில் துரித் வந்தாள், தலைமுடியில் மழையோடு.
ஆக்சிஜன், பொட்டாசியம், சிறுநீரின் அளவு,
வழக்கம்போல் எண்களை ஒப்படைத்தேன்.
முதலில் சொல்லியிருக்க வேண்டியதைக்
கடைசியில் சொன்னேன்.

அவள் ஒன்றும் கேட்கவில்லை.
உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு
கட்டிலைச் சுற்றி
மறுபக்கம் போனாள்.