முழங்காலுக்குப் பின்னால்

மாலை மாற்றுவதை எடுக்கத் தெரியும் எனக்கு.
மூன்றாம் பந்தியில் பாயசம் ஊற்றும் கையையும்.
பதினாறு வருடம், அம்மாப்பேட்டை,
முதலாளி மகள் பெயரில் ஸ்டுடியோ.

தாட்சாயணி கேட்டது வேறு.
முகம் வேண்டாம் என்றாள்.
முகம் இல்லாமல் நான் யாரையும் எடுத்ததில்லை,
பிணத்தைக்கூட.

ஆத்தூர் ரோட்டில் மூடிக்கிடந்த சேகோ ஆலை,
ஜவ்வரிசி காயவைத்த களம்.
சிமெண்டு விரிசல்களில் இன்னும் வெள்ளைப் பொடி,
புளித்த கிழங்கு வாடை.
எட்டு மணிக்கே சுடத் தொடங்கிய தரையில்
வெறுங்காலோடு வந்தாள்.
ஆட்டம் என்று நான் காத்திருந்தது வரவேயில்லை.
குப்புறப் படுத்தாள்.
ஒரு தோள்பட்டை எலும்பை மட்டும்
கதவுபோல் திறந்தாள், மூடினாள்,
நாற்பது நிமிடம்.
ஒரு பேட்டரி தீர்ந்தது.

கிட்டே வாங்க என்றாள். இன்னும் கிட்டே.
முழங்காலுக்குப் பின்னால் இருக்கிற அந்தக் குழிக்கு
என்ன பெயர் என்று இருவருக்கும் தெரியவில்லை.
அங்கே ஒரு நரம்பு
நீலமாக, ஏற்காட்டுப் பாதைபோல் வளைந்து வளைந்து
மேலேறிக் காணாமல் போனது.
கொண்டை ஊசிகளை எண்ணிக்கொண்டே போனேன்,
நான்காவதில் லென்ஸ் மூடுபனி பிடித்தது.
அவள் வியர்வையா என் மூச்சா, தெரியாது.

ராத்திரி அதை அவள் முதுகிலேயே ஓடவிட்டோம்.
இரவல் புரொஜக்டர்.
காலையின் முழங்கால் இரவின் முதுகில் மடங்கியது.
அவள் நகர, படம் வழுக்கிச் சுவரில் விழுந்தது.
அதைப் பிடிக்கப் போனாள்,
கிளம்பிவிட்ட பஸ்ஸைத் துரத்துகிறவள் மாதிரி.
எது தோல் எது வெளிச்சம் என்று
போகஸ் செய்ய முடியாமல் நின்றேன்.

அப்போது கரண்ட் போனது.

அவள் நிறுத்தவில்லை.
பாதம் இழுபடும் சத்தம். பொடி நெறிபடும் சத்தம்.
மூச்சு.
கல்யாணங்களில் ஒலியை அணைத்துவிடுவேன்,
பிறகு பாட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று.
எத்தனை ஆயிரம் பேர் மூச்சை
அழித்திருப்பேன்?
ரெக்கார்டை அழுத்தினேன்.
பதினொரு நிமிடம், வெறும் கறுப்பு.
இதை வெட்டாதீங்க என்றாள்.

போன வாரம் ஐந்து ரோட்டில் ஒரு ரிசப்ஷன்.
பெண் வீட்டார் போட்டுப் பார்த்துவிட்டு வந்தார்கள்.
தாய்மாமன் மோதிரம் போட்டது எங்கே?
இது யார் கால்?
எதற்கு இவ்வளவு நேரம்?

மணப்பெண்ணின் கால்.
நான்கு மணி நேரம் மேடையில் நின்றபின்
பட்டுச்சேலைக்கு அடியில் செருப்பை உதறிவிட்டு
ஒரு பாதம் இன்னொன்றின்மேல் ஏறி
யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்திருந்தது.

இரண்டாயிரம் பிடித்துக்கொண்டார்கள்.
ஒலியோடுதான் வைத்திருக்கிறேன்.