ஒரு டஸ்

ஊத்துக்குளி ரோட்டில் எங்கள் கம்பெனிக்கு
வருகிற கடிதமெல்லாம் நான் படிப்பேன்,
போகிற கடிதமெல்லாம் நான் எழுதுவேன்.
பட்டன் கழன்றது, சாயம் இறங்கியது,
கப்பல் தவறியது, மன்னிக்கவும், மன்னிக்கவும்.
தபாலில் படித்த எம்.ஏ. ஆங்கிலத்துக்கு
மாதம் பதினெட்டாயிரம்.

புகார்க் குழுவின் காகிதம் மட்டும் புதிது.

நவமணி, ஓவர்லாக், நான்காம் லைன்.
அவள் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டேன்:
"அந்தச் சூப்பர்வைசரு எங்க லைனுக்குள்ள
நைட் சிஃப்டுல, கரண்டு போனாலும் வந்தாலும்,
துணி தீந்தாலும் நூலு அறுந்தாலும்,
என்னத்துக்காகவும்..."
அங்கே நிறுத்தி மூக்கை உறிஞ்சினாள்.
வாக்கியம் இன்னும் எந்தப் பக்கமும் சாயவில்லை.
வரலாமா, வரோணுமா, வந்தாரா?
தமிழில் கடைசிச் சொல் வரைக்கும்
யாரும் குற்றவாளி இல்லை.
"...வரக் கூடாதுங்க்கா."

ஆங்கிலத்தில் அவ்வளவு காத்திருக்க வேண்டாம்.
குழு வலியுறுத்துகிறது, தட்,
அப்புறம் ஹி,
ஹி மூச்சு விடுவதற்குள் நாட்.
ஹி நாட் என்டர்.
வினைக்கு முன்னாலேயே, வாசலிலேயே,
அவன் செருப்பைக் கழற்றும் முன்பே.
டஸ் இல்லை, டிட் இல்லை,
ஊன்றிக்கொள்ள ஒரு துணைவினை இல்லை.
வெறுங்காலோடு குறுக்கே நிற்கும் அந்த 'நாட்'
எனக்குப் பிடித்திருந்தது.

மேனேஜர் கிட்டுசாமி சிவப்புப் பேனாக்காரர்.
"ஏம்மா, எம்.ஏ.ன்னு சொன்னே,
இங்க டஸ் உட்டுப்போச்சே."
உட்டுப்போகலீங்க சார், அது அப்படித்தானுங்க என்றேன்.
"ஹிக்கு டஸ் வரோணும்.
அஞ்சாங்கிளாசுப் புள்ளைக்குத் தெரியும்."
சிரித்தார். கெட்டவர் இல்லை.
தீபாவளிக்கு எல்லார் வீட்டுக்கும்
அரைக்கிலோ மைசூர்பாகு அனுப்புகிறவர்.

ஒரு டஸ். ஆங்கிலத்தில் நாலெழுத்து.
அதை வைத்ததும் கோரிக்கை செய்தியாகிவிட்டது.
அவன் வரக் கூடாது என்று வலியுறுத்தியவர்கள்
அவன் வருவதில்லை என்று
அடித்துச் சொல்கிறவர்கள் ஆனோம்.
ஹாம்பர்க்கில் ஒரு பெண் அதைப் படித்திருப்பாள்.
நிம்மதியாக இருந்திருக்கும்.
பதில் ஒரே வரி: மகிழ்ச்சி, கோப்பு முடிக்கப்பட்டது.

நான் திருத்தி இன்னொன்று அனுப்பவில்லை.
பாருங்கள், இதை எழுதும்போதும்
அனுப்ப வரைக்கும் போய்விட்டுத்தான்
வில்லை வருகிறது.
பழைய தமிழில் அறியேன் என்பார்கள்.
அறி இருக்கிறது, ஏன் இருக்கிறது,
இல்லை எங்கே என்று தேடினால் அகப்படாது.
இரண்டுக்கும் நடுவில்
ஒன்றுமில்லாத இடத்தில் உட்கார்ந்திருக்கும்.
மூன்று நாள் நானும் அங்கேதான் இருந்தேன்.

வியாழன் ராத்திரி பேக்கிங் லிஸ்டை வாங்க
நான்காம் லைனுக்குப் போனேன்.
முனையில் தண்டபாணி,
ஒரு கால் மஞ்சள் கோட்டுக்கு உள்ளே.
நவமணி பெடலிலிருந்து காலை எடுத்தாள்.
பக்கத்து மெஷினும் நின்றது,
அதற்கு அடுத்ததும்.

எங்கள் பக்கத்தில்
இல்லைக்குப் பின்னாலும் ஒரு வால் உண்டு.
இல்லீங்க, வேண்டாமுங்க, முடியாதுங்க.
வட்டிக்காரனைக்கூட அந்த ங்க போட்டுத்தான்
வாசலோடு திருப்பி அனுப்புவோம்.
அடி வாங்கிக்கொண்டே
அடிக்காதீங்க என்ற குரலை
ராத்திரியில் சுவர் தாண்டிக் கேட்டிருக்கிறேன்.

அவள் எழுந்திருக்கக்கூட இல்லை.
"உள்ள வராத" என்றாள்.

பின்னால் வரப்போகும் ங்கவுக்காக
நான் காத்திருந்தேன்.
தண்டபாணியும் காத்திருந்தான்,
ஒரு கால் கோட்டுக்கு உள்ளே.