ஒரு மீற்றர் அகலம்

என் பாதை ஒரு மீற்றர் அகலம்.
இரு பக்கமும் சிவப்புத் தலைக் குச்சிகள்.
ஐம்பது நிமிடம் முழந்தாளில், பத்து நிமிடம் ஓய்வு.
அந்தப் பத்தில் கணக்குச் செய்கிறேன்.
ஓகஸ்டில் மூன்றாந்தரம் பௌதிகம்.

மூன்று, பின்னால் எட்டுப் பூச்சியம்:
ஒளி ஒரு செக்கனில் ஓடும் மீற்றர்.
மீடிறனால் பிரி, அலைநீளம் வரும்.
அவ்வளவுதான் என்கிறது போட்டோக் கொப்பி.

இரணைப்பாலைக் கோபுரம், தொள்ளாயிரம் மெகாஹேட்ஸ்:
முப்பத்துமூன்று சென்ரிமீற்றர்,
அடிமட்டத்தைவிடக் கொஞ்சம் நீட்டு.
றெஜினா அக்காவின் போனுக்கு மகனின் குரல்
அடிமட்டம் அடிமட்டமாகத்தான் வருகிறது.
முந்நூறு மெகாஹேட்ஸ் என்றால் சரியாக ஒரு மீற்றர்;
என் பாதைக்குக் குறுக்கே
எந்தக் குச்சியிலும் முட்டாமல் படுத்துக்கொள்ளும்.

பிறகு என் கருவி. பதினைந்து கிலோஹேட்ஸ்.
பூச்சியங்களை வெட்டி வெட்டிப் பார்த்தால்
இருபது கிலோமீற்றர்.
இங்கிருந்து வட்டுவாகல் பாலம் தாண்டி
முல்லைத்தீவுக் கடற்கரை மட்டும், கிட்டத்தட்ட,
ஒரேயொரு அலை.
இவ்வளவு நீளமான ஒன்று
எப்படிக் குனிந்து ஓர் ஊசியைத் தேடுகிறது?

பிழையோ என்று திரும்பவும் பிரித்தேன்.
பிழையில்லை.
கொப்பியின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் கிடந்தது:
சுருளுக்கு இத்தனை கிட்டத்தில்
அது இன்னும் அலையாகப் புறப்படவே இல்லை.
நான் தேடுவதெல்லாம் அந்த நாலு விரற்கடைக்குள்,
சூத்திரம் தொடங்க முன்னம்.

பத்தே முக்காலுக்குக் கருவி கத்தியது.
குத்தூசி, மண்ணகப்பை, தூரிகை.
வெயில் தலைக்கவசக் கண்ணாடியில் ஊறியது.
ஒன்றரை மணித்தியாலத்தில் வெளியே வந்தது
ஒரு றேடியோ அன்ரெனா.
ஒன்றுக்குள் ஒன்று மடங்கவேண்டிய ஏழு குழாய்,
முழுக்க இழுத்தபடியே பச்சை பிடித்து.
எழுபத்தைந்து சென்ரிமீற்றர்.

"உலோகக் கழிவு, ஒன்று"
என்று எழுதினா றெஜினா அக்கா.

ஓய்வில் கணக்கைத் தலைகீழாகப் போட்டேன்.
இது கால் அலை என்றால் முழு அலை மூன்று மீற்றர்.
மூன்றால் பிரி: நூறு மெகாஹேட்ஸ்,
பண்பலை வரிசையின் நடுவுக்குக் கிட்ட.
எந்த நிலையம், எந்த நாள்,
அதெல்லாம் வகுத்தலில் வராது.
ஆனால் தெளிவாகக் கேட்கும் பாட்டுக்கு
ஒருவரும் அன்ரெனாவைக்
கடைசிக் குழாய் மட்டும் இழுப்பதில்லை.

விசில் ஊதியாச்சு.
விடைக்குக் கீழே இரட்டைக் கோடு.
அலகை விட்டால் ஒரு புள்ளி போகும்.
மீற்றர் என்று எழுதியிருந்தேன். வெட்டிவிட்டு,
ஹேட்ஸ்.