தன்மை ஒருமை

முன்பு அது போட்டோகொப்பி அறை.
மழை நாளில் இன்னும் மை மணக்கும்.
பெயர்ப்பலகை கிடையாது, வேண்டுமென்றுதான்.
பெண்கள் கழிவறைக் கதவின் உட்புறம்
மூன்று மொழியில் ஒரு துண்டுக் காகிதம்:
மேல்மாடி, தண்ணீர் ஃபில்டருக்கு இடப்பக்கம்.
தமிழில் ‘உதவி’ ‘உதலி’ ஆகியிருந்தது.
பேனையால் திருத்தியவள் நான்.
அன்றிலிருந்து என்னைக் கூப்பிடுகிறார்கள்.

செவ்வாய் மூன்றரை.
138இல் நசுங்கி வந்து சேர்ந்தபோது
அவள் ஏற்கெனவே இருந்தாள்,
கதவைப் பார்த்த கதிரையில்.
(வருகிற எல்லாரும் அதைத்தான் எடுக்கிறார்கள்.
இமேஷா அதை நகர்த்த விடுவதில்லை.)
மடியில் ஆய்வுகூட வெள்ளைக் கோட்டு, பந்தாக.
ஊரைச் சொல்லமாட்டேன். பெயரையும்.

தேநீரா தண்ணீரா, ஜன்னல் திறந்திருக்கட்டுமா,
இமேஷா சிங்களத்தில் கேட்டாள்.
நான் தமிழில் கேட்டேன்.
தண்ணி. திறந்திருக்கட்டும்.
அரை மணி நேரம் அவ்வளவுதான்.
வெளியே மாரா மரத்தில் காகங்கள்
மாணவர் சங்கத் தேர்தல் நடத்திக்கொண்டிருந்தன.

மொழிபெயர்ப்பவளுக்கு ஒரு விதி:
‘அவள் சொல்கிறாள்’ என்று தொடங்கக்கூடாது.
அவள் ‘நான்’ என்றால் நீயும் ‘நான்’.
பயிற்சியில் அதை மஞ்சளால் கோடிட்டுவிட்டு
சோற்றுப் பார்சல் பிரிக்கப் போனோம்.

நான் அண்ணா எண்டுதான் கூப்பிட்டனான், என்றாள்.
அதையே நான் சொன்னேன்.
பழைய வினாத்தாள் தாறன் எண்டவர்.
சொன்னேன்.
நான்தான் படியேறிப் போனனான்.
நான் படியேறிப் போனேன்,
எனக்கு நன்றாக வரும் சிங்களத்தில்,
வேற்றுமை உருபு ஒன்றுகூடப் பிசகாமல்.
தாழ்ப்பாள் என் வாய்க்குள் விழுந்தது.

பிறகு படிவம்.
இமேஷா மெதுவாக ஒரு சொல்லைச் சொன்னாள்: தூஷணய.
அவள் சட்டென நிமிர்ந்தாள்.
மிஸ், நான் தூஷணம் ஒண்டும் பேசேல்லையே?

இல்லை பிள்ளை. அவர்களிடம் அது அவன் செய்தது.
எங்களிடம் அது வாயில் அடி வாங்கும் வார்த்தை.
ஒரே சொல், கடல்கூடத் தாண்டவில்லை,
இந்த மேசையின் அகலம்தான்.

எங்களிடம் வேறு உண்டு.
ஊர் ‘கெடுத்திட்டான்’ என்னும்;
கெட்டது யார் என்பது அதிலேயே தீர்ந்துவிடும்.
பத்திரிகை கற்பில் தொடங்கி அழிப்பில் முடிக்கும்.
நான் ‘வல்லுறவு’ என்றேன்.
அதற்குள்ளும் ஓர் உறவு பதுங்கியிருக்கிறது,
தெரியும். கைவசம் இருந்தது அதுதான்.

கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டே யோசித்தாள்.
‘பலவந்தம்’ எண்டு போடுங்கோ.
போட்டேன்.

உடுப்பு?
தோய்ச்சுப்போட்டன். ரெண்டு தரம்.
பரவாயில்லை, என்றாள் இமேஷா.
பரவாயில்லை, என்றேன்.
இந்த ஒரு சொல்லுக்கு மட்டும்
நான் மொழிபெயர்க்கிறேனா சொல்கிறேனா தெரியவில்லை.

சட்ட வைத்திய அதிகாரி இருக்கிறார்.
பொலிசுக்குப் போவதென்றால் கூட வருவோம்.
விடுதி மாற்றலாம், பரீட்சையைத் தள்ளலாம்,
ஒன்றும் செய்யாமல் சும்மா வந்தும் இருக்கலாம்.
இன்றைக்கே ‘ஓம்’ வேண்டாம்.
‘இல்லை’யும் இங்கே விடைதான்.

நீண்ட நேரம் ஃபில்டர் சொட்டியது.
வியாழக்கிழமை இரசாயன பிரக்டிகலுக்கு
அவர்தான் மேற்பார்வை, என்றாள்.
குரூப் மாத்தேலுமா? அது மட்டும் போதும்.

இமேஷா தொலைபேசியை எடுத்தாள்.
பதினொரு நிமிடம் யாரோ யாரையோ தேடினார்கள்.
காரணம்? என்று கேட்டது மறுமுனை.
காரணம் இந்த அறை, என்றாள்,
சிரிக்காமல், குரலை உயர்த்தாமல்.
மாற்றினார்கள்.

போகும்போது கோட்டை உதறி, நீவி,
நான்காக மடித்துக்கொண்டாள்.
அடுத்த செவ்வாய் வருவாளா என்று கேட்க
எனக்கு உரிமை இல்லை.

தும்முல்லைச் சந்தி தாண்டியதும்
கொண்டக்டர் கேட்டான், எங்கே இறங்க?
வாயைத் திறந்தேன்.
எந்த ‘நான்’ வெளியே வருமோ என்று
காசை மட்டும் நீட்டினேன்.
மிச்சம் தந்தான்,
ஐந்து ரூபா கூட.