அடிப்பக்கம்

எழுபத்து நாலு, நவம்பர், ஹல் துறைமுகம்.
ஸ்டூடியோ வாடகையில் நாற்பது நிமிடம் மிச்சம்.
க்ளைவின் பாட்டு பதிவாகி முடிந்திருந்தது:
'மஞ்சள் ஸ்கூட்டர்.'
உங்களுக்குத் தெரியாவிட்டாலும்
உங்கள் அம்மாவுக்குத் தெரியும்,
டிங்கிடி டூ என்று வருமே, அதேதான்.

இசைத்தட்டுக்கு இரண்டு பக்கம் வேண்டும்.
"யாரிடமாவது ஏதாவது இருக்கிறதா?"
சாண்ட்விச் மென்றபடி கேட்டார் ஒலிப்பதிவாளர்.
என்னிடம் சிகரெட்டுகூட இல்லை.
கழிப்பறைக்குப் போனேன்.
தாழ்ப்பாள் இல்லாத கதவு
காற்றுக்குத் திறந்து திறந்து மூடியது,
ஒவ்வொரு முறையும் ஒரு கூடை மீன் நாற்றத்தோடு.

திரும்பி வந்தபோது என்னிடம் பாட்டு இருந்தது:
'கதவைச் சாத்து, குளிர் வருது.'
மூன்றே கார்டு. ஒரே டேக்.
இரண்டாம் சரணத்தில்
பேரி ஒரு குச்சியைக் கீழே போட்டான்.
டொக்.
காது கொடுத்தால் கேட்கும்.
யாரும் கொடுக்கவில்லை.

பிப்ரவரியில் தரவரிசையில் நான்காம் இடம்,
மூன்று வாரம்.
தொலைக்காட்சியில் எங்களுக்கு வெள்ளிச் சட்டை,
ஏணி வைத்து ஏறவேண்டிய செருப்பு.
என் பேஸ் கிட்டாரின் ஒயர்
எதிலும் சொருகப்படாமல்
என் பின்னால் வால்போல் கிடந்தது.
அடுத்து ஒரு பாட்டு போட்டோம், விழுந்தது.
அதற்கடுத்தது
விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

ஆனால் கணக்கு என்று ஒன்று உண்டு.
ஒரு தட்டு விற்றால்
மேல்பக்கம் எழுதியவனுக்கு எத்தனை காசோ
அத்தனை காசு அடிப்பக்கம் எழுதியவனுக்கும்.
சட்டத்துக்குக் காது கிடையாது.
பூவோடு சேர்ந்த நார் மணக்கும் என்பார்கள்;
இந்த நார் மணக்கவில்லை,
பூவின் விலைக்குப் போனது.

மூன்று லட்சம் தட்டு.
க்ளைவ் ஜாகுவார் வாங்கினான்,
ஈஸ்டர் ஞாயிறன்று அதை வாத்துக் குளத்தில் நிறுத்தினான்.
நான் ஹெஸ்ஸில் ஊரில் ஒரு வீடு வாங்கினேன்,
இரட்டைக் கண்ணாடி ஜன்னல், குளிர் நுழையாத கதவு.
பதினோரு வருஷம் அவன் என்னோடு பேசவில்லை.
அவன் பக்கம் நியாயம் இருந்தது.
எப்போதும் நல்ல பக்கம் அவனுடையதுதான்.

இதையா சொல்ல வந்தேன்? இல்லை.
விதர்ன்சியைச் சொல்ல வந்தேன்.

அந்த வருஷம் ஆகஸ்டில்,
ஒரு விடுமுறை முகாமில் ஐம்பது பேருக்கு
மஞ்சள் ஸ்கூட்டரை இரண்டு முறை வாசித்துவிட்டு
வேன் சூடாகிவிட்டதால் தேநீருக்கு ஒதுங்கினோம்.
மற்றவர்கள் மது விடுதிக்கு. நான் மட்டும்
கடற்கரையோரம் இடா பெல்லாமி கடைக்கு.
மூலையில் ஜூக்பாக்ஸ்.
தகரத் தொழிற்சாலைப் பையன் ஒருவன் காசு போட்டு
ஸ்கூட்டரின் பெயரை அழுத்தினான்.

வந்தது என் கழிப்பறைக் காற்று.

இடா பெயர்ச்சீட்டை மாற்றிச் செருகியிருக்கிறாள்.
கீழ்ப் பெயரை அழுத்தினால் ஸ்கூட்டர் வந்திருக்கும்.
கீழ்ப் பெயரை எவன் அழுத்துவான்?
"பார், மறுபடி இதே சனியன்," என்றான் பையன்.
ஆனால் உட்கார்ந்தான்.
பக்கத்து மேசைப் பெண்
ஈரக் குடையை மடக்கிக்கொண்டே
என் வரியை எனக்கு முன்னால் முணுமுணுத்தாள்.
ஒரு வார்த்தையைத் தப்பாக.
அவள் வார்த்தை என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

இரண்டாம் சரணம் வந்தது.
பேச்சு தானாக நின்றது.
கடை முழுக்கக் கரண்டிகள் உயர்ந்தன.
பேரி குச்சியைப் போட்டான்:
பதினாறு சாஸர்கள் மேல்
டொக்.
பிறகு எல்லோரும் பேச்சைத் தொடர்ந்தார்கள்,
உப்பைத் தள்ளு, பஸ் எத்தனை மணிக்கு.

நான் யாரென்று சொல்லவில்லை.
சீட்டு மாறியிருப்பதையும் சொல்லவில்லை.
ஒன்பது பென்ஸை வைத்துவிட்டு எழுந்தேன்.
வெளியே வடகடல் பக்கவாட்டில் மழை பெய்துகொண்டிருந்தது.
கதவை முழுதாகத் திறந்தேன்,
திறந்தபடி விட்டேன்,
மூன்று எட்டு வைத்துக் காத்திருந்தேன்.

கத்தினார்கள், மொத்தக் கடையும்,
சுருதியோடு.