இரண்டு விரல் இடம்

புதுப்பேட்டையில் தஸ்தகீர் கடையில் வாங்கியது.
ஐந்து லிட்டர், தகரம், பச்சை.
எந்தப் பட்டாளத்து ஜீப்பிலிருந்து கழன்றதோ.
"கழுத்துவரை ஊத்தாதம்மா" என்றார்,
"வெயிலுக்கு பெட்ரோல் வீங்கும்.
ரெண்டு விரல் இடம் விடு."

வீட்டுக்கு வந்து தண்ணீர் நிரப்பி
நேற்றைய பேப்பரின் மேல்
ஓர் இரவு கவிழ்த்து வைத்தேன்.
காலையில் ராசிபலன் நனையாமல் இருந்தது.

டேங்க் பதின்மூன்று லிட்டர்.
லிட்டருக்கு முப்பத்திரண்டு,
மலையில் இருபத்தைந்து என்று வைத்துக்கொள்.
கொளத்தூர் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில்
அந்தக் கணக்கு ஒரு மாதம் காந்தத்தில் தொங்கியது.
ஜெபக்கனி அதைப் பார்த்துவிட்டு ஆபீஸ் போவான்.
ஒரே ஒரு நாள் பென்சிலால் கேட்டிருந்தான்:
திரும்பி வருவதற்கு?

சைலன்ஸர் வலப்பக்கம், ஆகவே கேன் இடப்பக்கம்.
அந்தச் சாய்வை என் இடுப்பு
நெல்லூர் தாண்டுமுன் கற்றுக்கொண்டது.
ஓங்கோல், நாக்பூர், குவாலியர்.
டீக்கு நிறுத்தும் இடமெல்லாம்
மூடியை ஒரு திருகு இறுக்கி
விரலை முகர்ந்து பார்ப்பேன்.
கிளாஸிலும் அந்த வாசனைதான்.

மேலே, ஸ்பிதியில்,
முள் ஒருமுறை சிவப்புப் பக்கம் சாய்ந்தது.
கேனைப் பார்த்தேன்.
ஊற்றவில்லை.
இதைவிடப் பெரிய ஆபத்து
அடுத்த திருப்பத்தில் இருக்கும்,
அதற்கு இருக்கட்டும்.

பெரிய ஆபத்துகளெல்லாம் அன்று
வேறு யாரையோ பார்க்கப் போயிருந்தன.
காஜாவில் பங்க் திறந்திருந்தது.
வரிசைகூட இல்லை.

டெல்லி பார்சல் ஆபீஸில் சொன்னார்கள்,
ரயிலில் ஏற்ற வேண்டுமென்றால்
ஒரு சொட்டு இருக்கக் கூடாது.
ஒருவன் குழாயை உருவி டேங்கைக் காலி செய்தான்.
கேனையும் காட்டினேன்.
வீட்டிலிருந்து நான் சுமந்து வந்ததை
சாக்கு கட்டும் கூலியில் கழித்துக்கொண்டான்.

சென்ட்ரல். விடியற்காலை மூன்றே முக்கால்.
சாக்கையும் வைக்கோலையும் கிழித்து வெளியே எடுத்தால்
வண்டி நாக்கு வறண்டு நின்றது.
வால்டாக்ஸ் ரோட்டில் பங்க் எதுவும் திறக்கவில்லை.
தள்ளு.
நூற்றெண்பது கிலோ.
பதினைந்தாயிரம் அடியில் வாங்காத மூச்சை
கடல் மட்டத்தில் வாங்கினேன்.

பின்னால் ஒரு ஸ்ப்ளெண்டர் வேகம் குறைந்தது.
ஜி.எச். வார்டு டூட்டி போல,
காக்கிக்கு மேல் ஸ்வெட்டர்.
"இன்னாக்கா, பெட்ரோலா?"
"ஆமா."
"அதான் கேன் தொங்குதே."
"காலி."
"காலி கேனை எதுக்குக்கா கட்டிக்கினு சுத்துற?"
என்னிடம் பதில் இருந்தது,
கணக்கோடு, ஃப்ரிட்ஜ் கதவில்.

"ஏறி உக்காரு. நியூட்ரல்ல போடு.
பிரேக்க மட்டும் புடிச்சிடாத."

இடது காலை நீட்டி
என் பின் ஃபுட்ரெஸ்டில் வைத்தான்.
ரப்பர் செருப்பு, பெருவிரலில் பிளாஸ்திரி.
இன்ஜின் சத்தமே இல்லாமல் என் வண்டி ஓடியது.
கண்ணாடியில் அவன் முகம், பேசிக்கொண்டே வருகிறது:
வார்டில் லிஃப்ட் ரிப்பேர்,
தங்கச்சிக்கு நர்சிங் சீட்டு கிடைக்கும் போல,
தண்ணி லாரி வருது, கொஞ்சம் ஒதுங்கு.
சிவப்பு சிக்னலில் நாங்கள் நிற்கவில்லை.
நின்றால் முதலிலிருந்து உதைக்க வேண்டும்.

பெரியமேட்டில் பங்க் வெளிச்சம் விழுந்ததும்
காலை எடுத்துக்கொண்டான்.
நன்றி என்று நான் திரும்புவதற்குள்
வந்த வழியே திரும்பிப் போய்க்கொண்டிருந்தான்.
அவன் வீடு அந்தப் பக்கம்.

டேங்குக்கு முன்னூறு ரூபாய்க்குப் போட்ட பையன்
கேனைத் தட்டிப் பார்த்தான்.
"இதுலயும் ஊத்தணுமா?"
கொளத்தூர் பத்து கிலோமீட்டர்கூட இல்லை.
"ஊத்து."
"ஃபுல்லாவா?"

இரண்டு விரலைக் காட்டினேன்.
இரண்டு லிட்டர் போட்டான்.