நாலு கதிரை

அரசாங்கம் மாறினதோடை
வேலைச் சட்டமும் மாறுதாம் எண்டு
வர்த்தக சங்கம் கூப்பிட்டது.
மேல்மாடி மண்டபம். ஏசி வேலை செய்யேல்லை.
திரையில் வந்து வந்து போனது
வேலை நேரம், நியமனக் கடிதம், சேமலாப நிதி.
"இன்னும் வரைவுதான்" எண்டா தொழில் கந்தோர் அம்மா,
"எண்டாலும் ஆயத்தமா இருங்கோ."

ஐஸ்கிறீம் கடைக் குலசேகரம் எழும்பி
சட்டம் வராட்டில்
ஆயத்தப்பட்ட செலவை ஆர் தருவினம் எண்டு கேட்டார்.
சிரிப்பு. றோல்ஸ். பிளேன்ரீ.

கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு வரி:
பெண் பணியாளருக்கு இருக்கை.
"இது புதுசோ?" எண்டன்.
"இல்லை ஐயா, இது உங்கட வயசை விடப் பழசு.
இவ்வளவு நாளும் ஒருத்தரும் கேக்கேல்லை."

கஸ்தூரியார் வீதியில் என்ர புடவைக்கடை.
அங்கை ஒரேயொரு கதிரை.
அதிலை நான் இருக்கிறன்.

அண்டிரவு படிவங்களோடை மல்லுக்கட்டினன்.
முழுப்பெயர்:
யசிந்தா எண்டு எழுதிப்போட்டுப் பேனை நிண்டது.
சேர்ந்த திகதி:
ஒரு பொங்கல் வியாபாரம், பெருமழை. ஆண்டு?
வேலை முடியும் நேரம்:
அராலி பஸ் வெளிக்கிடுகிற நேரம் எண்டு எழுத ஏலுமோ?
தீபாவளிக் கிழமை அந்த பஸ்ஸும் போயிடும்.
தமையன்காரன் மோட்டார் சைக்கிளோடை
எதிர்ப்பக்கம் நகைக்கடை வாசலில் நிப்பான்,
பத்தரை, பதினொண்டு.
உள்ளை வந்து இரும் எண்டு
நான் ஒருநாளும் சொன்னதில்லை.
இருக்கிறதுக்கு என்ன கிடந்தது?

வெள்ளிக்கிழமை நாலு பிளாஸ்ரிக் கதிரை வாங்கினன், நீலம்.
பற்றுச்சீட்டைக் கோப்பில் குத்தி வைச்சன்,
பரிசோதிக்க வந்தால் காட்ட.
"இருங்கோ பிள்ளையள்" எண்டன்.
சிரிச்சினம்.
பின்னேரம் பாத்தால்
ஒண்டில் வேட்டிக்கட்டு, ஒண்டில் தாவணிப் பெட்டி,
மற்ற இரண்டும் ஒண்டுக்குள் ஒண்டாய்
சுவரோடை.

ஞாயிறு வீட்டில் சாப்பிட்டபடி
போனில் கடைக் கமெராவைத் திறந்தன்.
சனமில்லை. யசிந்தா
வேட்டிக்கட்டைத் தூக்கி மேசையில் வைச்சாள்.
மெல்ல இருந்தாள்.
செருப்பைக் கழட்டி
ஒரு குதிக்காலைக் கையால் அமத்திக்கொண்டு
கொஞ்ச நேரம் கண்ணை மூடினாள்.

பிறகு என்னவோ நினைவு வந்த மாதிரி
நிமிர்ந்து
நேரே கமெராவைப் பாத்தாள்.
எழும்பிவிட்டாள்.

போனைக் கவிட்டு வைச்சன்.
மனிசி கேக்கிறா,
"என்னப்பா, குழம்புக்கு உப்புக் காணாதோ?"